நாலு சக்கரத்தில் ஒரு வீடு

கேள்வி: மெல்பர்ன் வீட்டை விற்றுவிட்டுக் கணவரோடு கேரவனிலேயே குடியிருக்கிறீர்களே, புத்தகங்களை என்ன செய்தீர்கள்? எழுத இடம் இருக்கிறதா?
- வாசகி, திருச்சி

பதில்: வயிற்றெரிச்சலைக் கிளறாதீர்கள்! எங்கள் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வண்டி வீடு) காலியாகவே 2,050 கிலோ. சாமானோடு 2,500-ஐத் தாண்டக் கூடாது. தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் அதிலேயே 160 கிலோ போச்சு. கேஸ், பேட்டரி, துணிமணி, இவருடைய தூண்டில்கள் (அதில் கைவைக்க முடியாது) போக, என் பங்குக்கு 40 புத்தகம். மீதி 11 பெட்டி, தங்கை வீட்டு கராஜில்.

முதலில் மேல் அலமாரியில்தான் அடுக்கினேன். ஒரு மண் ரோட்டுக் குலுக்கலில் கதவு திறந்து, தமிழ் அகராதி அடுப்புக் கண்ணாடியை உடைத்துவிட்டது. கனமான சாமான் கீழே, சக்கர அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டுமாம். பின்னால் ஏற்றினால் வண்டி வாலாட்டும். இப்போது புத்தகமெல்லாம் இருக்கைக்கு அடியில்.

சாப்பாட்டு மேசைதான் எழுதும் மேசை. காலை 10 மணி வரை இவருக்கு வெளியே நாற்காலி, ஃபிளாஸ்க்கில் காபி. மழை நாளில் மட்டும் சண்டை. லேப்டாப்புக்குச் சோலார் தாராளம். எங்கள் இன்வெர்ட்டருக்கு மிக்ஸிதான் ஆகாது; கரன்ட் உள்ள கேரவன் பார்க்கில் தங்கும் அன்றைக்குத்தான் தேங்காய்ச் சட்னி.