ஆஸ்ட்ரோ சிட்டியின் முதல் ஆறு இதழ்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கல்லூரி நாட்களில் நண்பனிடம் இரவல் வாங்கி அவசரமாகப் படித்த ‘ஆஸ்ட்ரோ சிட்டி’ என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொடரின் முதல் தொகுதியைப் போன மாதம் சொந்தமாக வாங்கி மறுபடி படித்தேன். 1995இல் தொடங்கி வந்த அந்த முதல் ஆறு இதழ்கள்தான். அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. சண்டை சூடு பிடிக்கிற நேரம் பார்த்துக் கதை வேறு யாரிடமோ போய்விடும். இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நான்காம் இதழில் வரும் மார்த்தாவின் கதை எனக்கு உறுத்துகிறது. பேய்க்குக் காப்புக் கட்டி வாழ்கிற தெருவிலிருந்து கிளம்பி, நகரத்தின் நடுவே அலுவலக வேலைக்குப் போகிறவள். அலுவலகத்தில் நடக்கிற ஒரு தாக்குதலில் மிரண்டு, தன் பேட்டையே போதும் என்று முடிவு செய்துவிடுகிறாள். ‘உனக்கு விதித்த இடத்திலேயே இரு’ என்று ஒரு பெண்ணிடம் சொல்கிற கதைக்கா 1996இல் சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் என்ற காமிக்ஸ் விருது?

அடுத்தது, முதல் ஆறு இதழ்களும் வெறும் ஒத்திகை, தொடர் உண்மையில் அதற்குப் பின்னால் வந்த ‘கன்ஃபெஷன்’ கதையில்தான் தொடங்குகிறது என்கிறான் அதே நண்பன். எனக்குப் பிடித்திருப்பது பழைய நினைவினால்தானோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அன்றைக்குப் பிடிக்காத புத்தகம் இன்றைக்குப் பிடிக்கிறது என்றால் அதில் பழைய நினைவுக்கு என்ன வேலை? அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

அது வந்த நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1991இல் மார்வெல் நிறுவனத்தின் ‘எக்ஸ்-மென்’ புதிய முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. பின்னால் விலை ஏறும் என்று வாங்கிப் பெட்டியில் வைத்தவர்கள் நிறைய. 1992இல் மார்வெலின் பெரிய ஓவியர்கள் வெளியேறி இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். அதன் ஆரம்பப் புத்தகங்களில் பக்கம் முழுக்கத் தசை, பல்லைக் கடிக்கும் முகம், உடம்பெல்லாம் தோல் பை, ஆள் உயரத் துப்பாக்கி. சில ஆண்டுகளில் அந்தச் சந்தை சரிந்து நிறையக் கடைகள் மூடின. அதே இமேஜிலிருந்துதான், அந்தச் சரிவின் நடுவில், 1995 ஆகஸ்டில் ஆஸ்ட்ரோ சிட்டி வருகிறது. எழுத்து கர்ட் பியூசிக், ஓவியம் பிரென்ட் ஆண்டர்சன், அட்டைப்படமும் உடை வடிவமைப்பும் அலெக்ஸ் ராஸ்.

சாதாரண மனிதனின் கண்ணால் சூப்பர் ஹீரோக்களைக் காட்டினார்கள் என்பதுதான் இந்தத் தொடரைப் பற்றி எல்லோரும் சொல்வது. அது பியூசிக்கும் ராஸும் முந்தின ஆண்டே ‘மார்வெல்ஸ்’ கதையில், ஃபில் ஷெல்டன் என்ற புகைப்படக்காரரை வைத்துச் செய்து முடித்த வேலை. இந்த ஆறு இதழ்களில் எனக்குத் தெரிவது வேறு. ஒவ்வொரு கதையிலும் ஒருவருக்கு ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. தெரிந்ததை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பதுதான் கதை. இப்படிப் பார்த்தால் மார்த்தாவும் வேறாகத் தெரிவாள் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். எலியட் மில்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர், தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நடந்ததை ஓர் இளம் நிருபருக்குச் சொல்கிறார். சுரங்க ரயிலில் சுறாமனிதர்கள், உலகத்தையே விழுங்க வரும் ஒரு சக்தி, அதைத் தடுக்கும் ஹீரோக்கள் என்று அத்தனையையும் கண்ணால் பார்த்துவிட்டு ஓடிவந்து எழுதுகிறார். அன்றைய ஆசிரியர் உறுதிசெய்ய முடியாத ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போகிறார். கடைசியில் அச்சாவது தண்டவாளத்தில் ஒரு சுறா கிடந்தது என்ற துண்டுச் செய்தி மட்டும். முதல் வாசிப்பில் அந்தப் பழைய ஆசிரியர் மேல்தான் கோபம் வரும். மறுபடி படிக்கும்போது மில்ஸின் முகத்தைப் பாருங்கள். அவருக்கு மனக்குறையே இல்லை. நிரூபிக்க முடியாததை அச்சில் ஏற்றக்கூடாது என்ற ஒழுக்கத்தை அவர் மனதார ஏற்றுக்கொண்டுவிட்டார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய செய்தியை வாய்மொழியாக மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிறைவோடு இருக்கிறார்.

மூன்றாவது இதழ் இதையே பயமாக மாற்றுகிறது. ஐசன்ஸ்டைன் என்ற சில்லறைத் திருடன், ஜாக்-இன்-தி-பாக்ஸ் என்ற ஹீரோ முகமூடியைக் கழற்றுவதைத் தற்செயலாகப் பார்த்துவிடுகிறான். கையில் ஒரு புதையல். யாரிடம் விற்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்று ஒவ்வொரு வழியாக மனதில் ஓட்டிப் பார்க்கிறான். எந்த வழியில் போனாலும் கடைசியில் செத்துக்கிடப்பது அவன்தான். ஊரை விட்டே ஓடிவிடுகிறான். ஹீரோவுக்கு இப்படி ஒருவன் இருந்ததே தெரியாது. ஒரு முகத்தைப் பார்த்ததால் ஒருவன் வாழ்க்கையே தடம் மாறுகிறது, மொத்தக் கதையும் அவன் மண்டைக்குள் நடக்கிறது. துப்பாக்கிக் காமிக்ஸ்களின் காலத்தில் இதை எழுதத் தைரியம் வேண்டும்.

முதல் இதழ் எல்லோரும் மெச்சியதுதான். சமாரிட்டன் என்ற ஹீரோ நாள் முழுக்கப் பறந்து பறந்து ஊர் ஊராகக் காப்பாற்றுகிறான். ஆனால் பறப்பதை அனுபவிக்க அவனுக்கு நேரமில்லை, ஓர் ஆபத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வேகம்தான் உண்டு. அந்த நொடிகளைக் கூட்டி வைக்கிறான். அன்றைய கணக்கு 56 நொடி. மற்றபடி அவன் ஆசை தீரப் பறப்பது கனவில் மட்டும். உலகத்துக்கே தெரிந்த அந்த ஆளைப் பற்றி உலகத்துக்குத் தெரியாத ஒன்று, அந்த ஆசை. ஆறாம் இதழில், மற்ற ஹீரோக்கள் ஒரு மாலை மட்டும் ஊரைப் பார்த்துக்கொள்ள, விங்டு விக்டரி என்ற பெண் ஹீரோவோடு சாப்பிட உட்காரும்போதுதான் அவனைப் போன்ற ஒருவர் அவனுக்கு எதிரே இருக்கிறார். அங்கேயும் சண்டைதான் வருகிறது, பெண்களுக்கு எப்படித் துணை நிற்பது என்பதைப் பற்றி. இருவர் வாதத்திலும் நியாயம் இருக்கிறது, பியூசிக் தீர்ப்பு சொல்வதில்லை.

சரி, மார்த்தாவுக்கு வருவோம். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் கதை அதைச் சொல்லவில்லை என்பதே என் எண்ணம். அவள் வாழும் ஷேடோ ஹில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேட்டை. அங்கே ராத்திரியில் வருகிறவை நிஜம், மூடநம்பிக்கை இல்லை. எந்த வாசலில் என்ன கட்டுவது, எந்த நேரத்துக்குள் வீடு திரும்புவது என்று மார்த்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தப் பேட்டையின் வானத்தில் ஹேங்ட் மேன் என்ற மர்ம உருவம் மிதந்துகொண்டு காவல் நிற்பது எல்லோருக்கும் தெரியும். நகரத்தின் நடுவிலும் ஆபத்து உண்டு, ஆனால் அதற்கு என்ன காப்பு என்று அவளுக்குத் தெரியாது. உடன் வேலை செய்கிறவர்களோ அதை அன்றாட விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஷேடோ ஹில் என்றால் நடுக்கம். இரண்டு பக்கமும் அடுத்தவரின் ஆபத்தைத்தான் பைத்தியக்காரத்தனம் என்கிறது. இரண்டையும் உள்ளிருந்து பார்த்தவள் மார்த்தா மட்டும்தான். அந்த முடிவை அவள் அம்மாவுக்குப் பணிந்து எடுப்பதில்லை. தான் பார்த்ததை வைத்துத் தானே கணக்குப் போடுகிறாள்.

இதற்கு மேல் ஒன்றும் உண்டு. குடியேறியவர்களின் வீட்டுப் பெண் வெளியே போய் விடுதலை அடைவதுதான் அமெரிக்கக் கதைகளின் பழகிய பாதை. அந்தப் பாதையில் வாசகனை முக்கால் தூரம் கூட்டிப்போய்விட்டு, கதை நிற்கிறது. உங்களுக்கு வந்த எரிச்சலை நானும் மதிக்கிறேன். அவள் நகரத்திலேயே தங்கியிருந்தால் நாம் இதைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

உங்கள் நண்பர் சொல்லும் ‘கன்ஃபெஷன்’ மிக நல்ல கதை, சந்தேகமே இல்லை. ஆனால் அது முதல் ஆறின் மேல்தான் நிற்கிறது. ஐந்தாம் இதழில் மனிதன் போல வேஷமிட்டு வாடகைக்கு இருக்கும் அந்த வேற்றுக்கிரக ஒற்றனை நினைவிருக்கிறதா? படையெடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டியவன் அவன். கிராக்கர்ஜாக் என்ற தற்பெருமைக்கார ஹீரோவின் பின்னாலேயே அலைந்து, அவனை வைத்து மனித குலத்தையே எடைபோட்டுச் செய்தி அனுப்புகிறான். ‘கன்ஃபெஷ’னில் வந்து இறங்குவது அந்தச் செய்தியின் விளைவுதான். ஐந்தாவதைத் தாண்டிவிட்டு அங்கே போனால் வேற்றுக்கிரகவாசிகள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். போகும் வழியில், 1996இல் அரை எண் இட்டு வந்த ‘தி நியர்னெஸ் ஆஃப் யூ’ என்ற சிறிய கதையையும் படித்துவிடுங்கள். அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். படித்ததும் எழுதுங்கள்.