கேள்வி – பதில்: சோலையைத் தேடினால் சாலை வருகிறதே!

கேள்வி: நீலகிரியில் மிஞ்சியிருக்கும் சோலை (மலைக்காடு), புல்வெளிகளில் எதை முதலில் காப்பது என்று மார்க்சான் மென்பொருளில் (குறைந்த செலவில் இலக்கை எட்டும் இடங்களைத் தேர்ந்து தருவது) போட்டுப் பார்த்தோம். பறவை பார்ப்பவர்கள் பட்டியல் பதியும் இ-பேர்ட் தளத்தின் பதிவுகளைக் கொடுத்தோம். திரும்பத் திரும்பச் சாலையோரமே தேர்வாகிறது. ஏன்?

பதில்: கோளாறு பதிவில் இருக்கிறது. ஒருவர் மூன்று கிலோமீட்டர் நடந்து பார்த்த பறவைகள் எல்லாம் இ-பேர்டில் ஒரே புள்ளியில் விழும். அந்தப் புள்ளி பல நேரம் வண்டி நிறுத்துமிடம். சோலைக்குள் கூவிய பறவை கார் பார்க்கிங்கில் குடியிருப்பதாக மார்க்சான் நம்பிவிடும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்த பட்டியல்களைக் கழித்துவிடுங்கள். இலக்கையும் பறவைக்கு வைக்காமல் சோலை, புல்வெளி, சதுப்பு என வாழிடத்துக்கு வையுங்கள். பதிவுகள் சரிபார்க்க மட்டும்.

வாழிடம் பிரிக்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் போதும். பிப்ரவரி, மார்ச் படமாக எடுங்கள். உறைபனியில் கருகிய புல் பழுப்பாகவும் சோலை பச்சையாகவும் தெரியும். சீகையும் (வாட்டில் மரம்) தேயிலையும் அப்போதும் பச்சைதான். அவற்றைச் சோலையிலிருந்து பிரித்தறியக் கால்நடையாகப் போவதைத் தவிர வழியில்லை.

மார்க்சான் தேர்ந்தெடுப்பதற்காக நிலத்தைப் பிரிக்கும் கட்டம் 100 ஹெக்டேர் என்றால் ஐந்து ஹெக்டேர் சோலைக்காக மீதி 95-ஐயும் வாங்க வேண்டிவரும். 10 ஹெக்டேர் அறுகோணம் போடுங்கள்: எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 340 மீட்டர். மாவட்டம் முழுக்கச் சுமார் 25,000 வரும், மடிக்கணினி தாங்கும். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்கு நிலை எண் 2 (கட்டாயம் சேர்), ஊர்களுக்கு 3 (சேர்க்காதே).

எல்லை நீள எண்ணை (தேர்வான கட்டங்களை ஒட்டி நிற்கவைக்கும் எண்) முதலில் சுழியமாக வைத்து ஓட்டுங்கள். தேர்வு சிதறிய கடுகு மாதிரி வரும். பிறகு பத்து பத்து மடங்காகக் கூட்டுங்கள். எல்லை சுருங்குவது நின்று செலவு மட்டும் ஏறத் தொடங்கினால் அதற்கு முந்தைய எண் சரி. 100 முறை ஓட்டி, 95 தடவைக்கு மேல் தேர்வான கட்டங்களை முதலில் பாருங்கள். ‘சிறந்த தீர்வு’ என்று அது தருகிற ஒற்றைப் படத்தை மட்டும் நம்பி வனத்துறைக்கு மனு எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: கட்டங்களின் பரப்பளவு 0.000008 என்று வருகிறதே?

பதில்: மீட்டரில் அளக்க வேண்டியதைப் பாகையில் அளந்திருக்கிறீர்கள். வரைபடத்தை யூடிஎம் முறைக்கு (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளப்பது) மாற்றிவிட்டுக் கட்டம் போடுங்கள். நீலகிரிக்கு மண்டலம் 43 வடக்கு. கொல்லிமலைக்காரர்கள் 44 எடுக்க வேண்டும். இந்த இரண்டு மண்டலங்களுக்கும் எல்லையான 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை நடுவே வெட்டிக்கொண்டு போகிறது.