உத்தரவை மீறியவருக்கா பரம்வீர் சக்ரா?

கேள்வி: 1971 போரில் உயிர்நீத்த இளம் அதிகாரி அருண் கேதர்பால், டாங்கியைக் கைவிட்டு வெளியேறும்படி மேலதிகாரி சொல்லியும் கேட்கவில்லை என்கிறார்கள். கட்டுப்பாட்டைப் பெரிதாகப் போற்றும் ராணுவம் இதை எப்படி ஏற்றது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவர் கேட்கவில்லை என்பது உண்மைதான், போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டபோது வெளியான அரசுக் குறிப்பே அதை மறைக்காமல் சொல்கிறது. ஆனால், எந்த நிலையில் கேட்கவில்லை என்பதையும் அது சொல்கிறது.

ராணுவப் பொறியாளர் பிரிவு அதிகாரி ஒருவரின் மகனான கேதர்பால், 1971 ஜூன் மாதம் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார்; ஆறே மாதத்தில் போர் வந்துவிட்டது. டிசம்பர் 16 அன்று, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றையும் கண்ணிவெடி வயல்களையும் கடந்து ஜர்பாலில் நிலைகொண்டிருந்த நம் படையைப் பாகிஸ்தானின் டாங்கிகள் பெருமளவில் எதிர்த்துத் தாக்கின. அங்கிருந்த 'பி' ஸ்குவாட்ரன் (படைப்பிரிவின் ஓர் டாங்கி அணி) உதவி கேட்டதும், 'ஏ' ஸ்குவாட்ரனைச் சேர்ந்த கேதர்பால் தம் டாங்கிகளுடன் விரைந்தார். வழியில் எதிரி நிலைகள் சுட்டதில் உடன் வந்த டாங்கி ஒன்றின் தளபதி இறந்தபோதும் அந்நிலைகளை முறியடித்துவிட்டே மேலே சென்றார்.

தொடர்ந்த சண்டையில் எதிரியின் பத்து டாங்கிகள் அழிந்தன. அவற்றுள் நான்கு கேதர்பாலின் கணக்கு. அதற்குள் அவருடைய 'ஃபமகுஸ்டா' என்ற செஞ்சூரியன் டாங்கியும் (சைப்ரஸ் துறைமுகம் ஒன்றின் பெயர் அது) அடிபட்டுத் தீப்பிடித்தது. அவருக்கும் பலத்த காயம். வெளியேறும்படி வானொலியில் உத்தரவு வந்தபோது, தம் பீரங்கி இன்னும் சுடுகிறது என்பதே அவருடைய பதிலாக இருந்தது. உத்தரவிட்டவர் அவருடைய உயிரைக் காக்க நினைத்தார். அவரோ, தாம் விலகினால் அந்த இடைவெளி வழியாக எதிரி உள்ளே புகுந்துவிடுவான் என்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்படைத்த பொறுப்பைக் கைவிடாததை ஒழுங்கீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது குண்டு தாக்கி அவர் இறந்தபோது வயது 21.

அவருடைய கணிப்பு சரிதானா என்பதற்கு எதிர்த்தரப்பின் சாட்சியமே இருக்கிறது. 2001-ல் பாகிஸ்தான் சென்ற தந்தையை லாகூரில் தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்த பிரிகேடியர் நாசர், அன்று அந்த டாங்கியைச் சுட்டவர் தாமே என்று அவரிடம் தெரிவித்தார். தங்கள் எதிர்த்தாக்குதலின் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நகராத பாறையாக நின்றவர் கேதர்பால் என்று பின்னர் எழுதியும் கொடுத்தார்.