தொண்டையில் வெள்ளைப் புள்ளி: மீந்த சிரப்பைக் கொடுக்கலாமா?

கேள்வி: 7 வயது மகனுக்கு (20 கிலோ) நேற்று திடீர்க் காய்ச்சல். விழுங்கும்போது அழுகிறான். டார்ச் அடித்தால் டான்சிலில் வெள்ளைப் புள்ளிகள். போன முறை மீந்த ஆன்டிபயாட்டிக் சிரப் பிரிட்ஜில் இருக்கிறது. கொடுக்கலாமா?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கொட்டிவிடுங்கள். தண்ணீர் கலந்த சிரப், லேபிளில் உள்ளபடி 7 அல்லது 14 நாள்தான் தாங்கும்.

வெள்ளைப் புள்ளி வைரஸிலும் வரும். கூடவே சளி, இருமல், குரல் கம்மல் இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். ஒரு வாரத்தில் தானாக ஆறும். இருமலே இல்லாமல் காய்ச்சல் ஏறி, தாடைக்குக் கீழே நெறி கட்டி, தொட்டால் வலித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். 5 முதல் 15 வயதில் அது அதிகம். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதிப்பார்கள். அந்தக் கிருமிதான் என்றால் வழக்கமாகப் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், 10 நாள். மூன்றாம் நாளே பிள்ளை ஓடியாடும்; பலர் மருந்தை நிறுத்துவதும் அன்றைக்குத்தான். இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமலிருக்கத்தான் இந்த 10 நாள் கணக்கு.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்: கிலோவுக்கு 15 மி.கி., அதாவது இவனுக்கு 300 மி.கி. பாட்டிலில் ‘5 மி.லி.யில் 250 மி.கி.’ என்றிருந்தால் 6 மி.லி.; ‘120 மி.கி.’ என்றிருந்தால் 12.5 மி.லி. இதைப் பார்க்காமல் ஊற்றுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

சாப்பாடு குறைந்தால் பரவாயில்லை, நீர் இறங்க வேண்டும்: கஞ்சி, மோர், இளநீர். ஐஸ்கிரீமும் தரலாம், வலி மட்டுப்படும். (பாட்டிகள் மன்னிக்க!) ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, வெதுவெதுப்பானதும் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

எச்சில் வடிந்துகொண்டே இருந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டான்சிலில் சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருந்தால் டிப்தீரியாவாக (தொண்டை அடைப்பான் நோய்) இருக்கலாம். சுரண்டாதீர்கள், தடுப்பூசி அட்டையோடு உடனே ஓடுங்கள்.

கேள்வி: கழுத்தில் சுண்ணாம்பு தடவலாமா? விரல் விட்டு உள்நாக்கைத் தூக்கிவிடலாமா?
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டுமே வேண்டாம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும். விரல் புண்ணைக் கிளறும்.

கேள்வி: மகளுக்கு இந்த வருடம் 4 முறை தொண்டைத் தொற்று வந்துவிட்டது. டான்சில் ஆபரேஷன் தேவையா?
வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இந்த எண்ணிக்கைக்கு அவசரமில்லை. ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது 2 வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 5, அல்லது 3 வருடம் ஆண்டுக்கு 3 என்று வந்தால்தான் பேச்சு. ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சல் அளவு இரண்டையும் நோட்டில் குறியுங்கள். தூக்கத்தில் பலத்த குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அதை போனில் வீடியோ எடுத்துக் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.