அடிபட்ட மீனை விடுங்க, அடிச்ச மீனைப் பிடிங்க

சென்னை கொளத்தூர்ல மொட்டை மாடில கப்பி, ஏஞ்சல்னு தொட்டி மீன் வளர்த்துட்டிருக்கேன், இருபது வருஷத்துக்கு மேலாச்சு. டாக்டர் இல்ல நான். கடிபட்ட, துரத்தப்பட்ட மீன்களைப் பத்தி வந்த கேள்விகளுக்குக் கைப்பட்ட அனுபவத்துல பதில் சொல்றேன்.

பெரம்பூர்: அண்ணா, 2 அடி தொட்டில நாலு ஏஞ்சல். ஒண்ணு மட்டும் ஒரு வாரமா மேல் மூலையில ஒட்டிக்கிட்டு நிக்குது, வால் கிழிஞ்சு தொங்குது. அதைத் தனியா எடுத்துடவா?

எல்லாரும் அதைத்தான் செய்றாங்க தம்பி. குணமாக்கித் திரும்ப விட்டா மறுநாளே மறுபடி அடி. அது இல்லாத பத்து நாள்ல மத்த மூணும் தொட்டியைப் பாகம் பிரிச்சு முடிச்சிருக்கும், இது வெளியாள் ஆயிடும். முதல்ல யார் துரத்துறாங்கன்னு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்க. தீனி போடுற நேரத்துல பார்க்காதீங்க, அப்ப எல்லாமே ரவுடிதான். ஒரே மீன்தான் துரத்துதுன்னா அதைப் பிடிச்சு ஒரு வாரம் வெளியே வைங்க. அதுக்குள்ள கல், கட்டை, செடி எல்லாத்தையும் இடம் மாத்திடுங்க. லைட்டை அணைச்சிட்டுத் திரும்ப விடுங்க. அது காவல் காத்த மூலையே இப்ப அங்க இருக்காது.

ரெண்டு சேர்ந்து துரத்துதுன்னா ஃபில்டர் குழாய்லயோ அகலமான இலைலயோ முட்டை ஒட்டியிருக்கான்னு பாருங்க. ஜோடி சேர்ந்துடுச்சுன்னா அந்தத் தொட்டி இனி அவங்களுக்குத்தான், மத்த ரெண்டுக்கும் வேற இடம் தேடணும்.

மறுபடி பெரம்பூர்: வேற தொட்டி இல்லையே அண்ணா?

சோப்பு படாத 20 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஏர் பம்ப், மேல ஒரு மூடி போதும். புண் லேசுன்னா டப்புக்கு ரவுடி போகட்டும். சதை தெரியுற அளவு புண்ணுன்னா டப் அடிபட்டதுக்கு, ரவுடிக்குத் தொட்டிக்குள்ளேயே வலைத் தடுப்பு.

ஓடிட்டிருக்கிற ஃபில்டரோட பழைய ஸ்பான்ஜ்ல பாதியை வெட்டி டப்ல போடுங்க. புதுசுல கழிவை முறிக்கிற பாக்டீரியா இருக்காது, மீன் கழிவு அம்மோனியாவாவே நிக்கும். காரத்தன்மையும் சூடும் கூடக் கூட அதே அம்மோனியாவுக்கு விஷம் ஏறும். நம்ம ஊர்ல பல இடத்துல போர் தண்ணியும் அப்படி, வெயிலும் அப்படி. அதனால தினம் கால்வாசி தண்ணி மாத்திடுங்க. மெட்ரோ வாட்டர்னா குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் மருந்து போடாம ஊத்தாதீங்க.

அப்புறம் அடிபட்ட மீன் இருக்கிற தண்ணிக்குக் கல் உப்பு. லிட்டருக்கு 1 கிராம், புண் பெருசுன்னா 2. கரைச்சு, ரெண்டு மூணு தடவையா ஊத்துங்க. மீன் உடம்புல இருக்கிற உப்பு வெளித்தண்ணியைவிட அதிகம். புண் வழியா உப்பு வெளியே கசியும், தண்ணி உள்ள ஏறும். வெளியே கொஞ்சம் உப்பு இருந்தா அதோட பாடு குறையும். உப்பு ஆவியாகாதுங்கறதை மறந்துடாதீங்க. வத்தின அளவுக்கு வெறும் தண்ணி, மாத்தின அளவுக்கு மட்டும்தான் உப்புத் தண்ணி. பெரிய தொட்டில போடுறதா இருந்தா கண் மதிப்பு வேணாம். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடின்னா ததும்ப நிரப்பினாலே 56 லிட்டர், மணலும் கல்லும் போக அதைவிடக் குறைவு. கெளுத்தி, லோச் வகைகளுக்கு உப்பு ஆகாது, செடியும் கருகும்.

வேளச்சேரி: சார், எங்க பாட்டி புண்ணுக்கு மஞ்சள் தூள் போடச் சொல்றாங்க.

பாட்டி சொன்னது நம்ம கால் புண்ணுக்கு. மஞ்சள் தூள் தண்ணில சரியா கரையாது, செவுள்ல போய்ப் படியும். வீட்டுல மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரிச்சுக் கொட்டுறதும் வேணாம். மெத்திலீன் புளூங்கிற நீல மருந்து கூட டப்ல மட்டும்தான், அதுவும் ஸ்பான்ஜை வெளியே எடுத்துட்டு. தொட்டில ஊத்தினா ஃபில்டர் பாக்டீரியா சாகும், கண்ணாடியை ஒட்டியிருக்கிற சிலிகான் பசையும் நீலமாயிடும்.

மடிப்பாக்கம்: என் கோல்டு ஃபிஷ்ஷை யாரும் துரத்தல சார். ஆனா காலைல பார்த்தா விலாப் பக்கம் சிவந்து செதில் போயிருக்கு. கூட டேங்க் கிளீனர்னு பாசி தின்ற மீன் ஒண்ணு மட்டும்தான் இருக்கு.

அதேதாம்மா. குட்டியா இருக்கும்போது பாசி தின்னும். வளர்ந்ததும் ராத்திரில தூங்குற கோல்டு ஃபிஷ் மேல ஒட்டிக்கிட்டு உடம்பு வழவழப்பைச் சுரண்டும். அந்த வழவழப்புதான் மீனுக்கு முதல் காப்பு. இன்னைக்கே பிரிச்சிடுங்க, சிவப்பு தானா ஆறும். கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுங்க. பாவம்னு ஏரிலயோ அடையாறுலயோ விட்டுடாதீங்க, சென்னை நீர்நிலைகள்ல ஏற்கெனவே பெருகிக் கிடக்கு.

அம்பத்தூர்: டைகர் பார்ப் மூணு, கப்பி ஆறு. கப்பி வாலெல்லாம் போச்சு.

சேர்த்திருக்கவே கூடாது. பார்ப் ஆறுக்கு மேல கூட்டமா இருந்தா தங்களுக்குள்ளேயே மோதிக்கும், ஆனா அப்பவும் கப்பியோட வேணாம்.

திருவான்மியூர்: ஃபைட்டர் மீனோட வால் கிழிஞ்சிருக்கு, தனியாத்தான் இருக்கு. விளிம்புல வெள்ளையா ஏதோ வருது, பயமா இருக்கு.

கண்ணாடி மாதிரி மெல்லிசா இருந்தா அது புது வால், சந்தோஷப்படுங்க. பஞ்சு மாதிரி புசுபுசுன்னு இருந்தாலோ, விளிம்பு கறுத்து நாளுக்கு நாள் குறைஞ்சாலோதான் கவலை. தனியா இருந்தும் கிழியுதுன்னா பிளாஸ்டிக் செடியைத் தடவிப் பாருங்க, உங்க விரல்ல கீறினா அதுதான் குற்றவாளி. தொட்டிக் கண்ணாடில தன் பிம்பம் தெரிஞ்சாலும் நாள் முழுக்க விறைச்சுக்கிட்டுத் திரியும், பின்னாடி ஒரு தாள் ஒட்டுங்க. தெருவுல பாதாம் மரம் இருக்குமே, தானா விழுந்து காய்ஞ்ச பழுப்பு இலை ஒண்ணைக் கழுவிப் போடுங்க. தண்ணி டீ நிறமாகும், ஃபைட்டருக்கு அது பிடிக்கும்.

ஆவடி: மே மாசம் தொட்டி 33 டிகிரி போகுது. அடிபட்ட மீன் மேலேயே வந்து வாயைத் திறக்குது.

சூடான தண்ணில ஆக்சிஜன் நிக்காது. குமிழி விடுற ஏர் ஸ்டோனைக் கூட்டுங்க, மூடியை எடுத்து வலை போட்டு டேபிள் ஃபேனைத் தண்ணி மேல திருப்புங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீங்க. கரண்ட் போனா தீனி கிடையாது. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க, புயல் நேரத்துக்கும் ஆகும்.

ராயபுரம்: ஆஸ்கர் மீனுக்குச் சண்டைல ஒரு கண்ணு போச்சு. பிழைக்குமா அண்ணே?

குழி சுத்தமா மூடிடுச்சுன்னா பிழைக்கும். என்கிட்ட ஒத்தைக்கண் ஆஸ்கர் ஒண்ணு ஆறு வருஷம் இருந்துச்சு. ஆரம்பத்துல தீனியைத் தவற விட்டுட்டே இருந்துச்சு. நல்ல கண் பக்கமா, அதே மூலையில, கண்ணாடியை ரெண்டு தட்டு தட்டிட்டுப் போட்டுப் பழக்கினேன். அப்புறம் யார் வந்து எங்க வீட்டுக் கதவைத் தட்டினாலும் அந்த மூலைக்கு வந்து நின்னுடும்.