மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘அடர்த்தி: சி’ என்று வந்தால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. நாற்பதைத் தாண்டிவிட்டோமே என்று முதல் தடவையாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தேன். ரிப்போர்ட்டில் ‘பை-ராட்ஸ் 1’ என்றும், அதற்குக் கீழே ‘மார்பக அடர்த்தி: சி’ என்றும் போட்டிருக்கிறது. அடர்த்தி அதிகமாக இருப்பதால் சிறு கட்டிகள் மறைந்திருக்கலாம் என்று கூடவே ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. ‘அப்படியானால் உனக்கு மேமோகிராமே வேஸ்ட், இனிமேல் அல்ட்ராசவுண்ட் மட்டும் எடு’ என்கிறார் என் நாத்தனார். கூட வேலை பார்ப்பவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். என் சித்திக்கு 63 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தால் அதுவே கெடுதல் ஆகாதா? அடர்த்தியைக் குறைக்க மருந்து உண்டா? 21 வயதாகும் என் மகளையும் சோதிக்க வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் ரிப்போர்ட்டில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கின்றன. எழுத்தைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள், எண்ணை விட்டுவிட்டீர்கள். படத்தில் என்ன தெரிந்தது என்பதைச் சொல்வது அந்த எண்தான். பை-ராட்ஸ் 1 என்றால் சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை என்று பொருள். 2 வந்திருந்தாலும் கவலையில்லை. ஏதோ தெரிகிறது, ஆனால் அது தீங்கில்லாதது. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணமானதுதான், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். 4, 5 வந்தால்தான் பயாப்ஸி, அதாவது சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது வரை போக வேண்டியிருக்கும். பலரைக் கலங்கடிப்பது 0. ‘இந்தப் படம் மட்டும் போதாது, இன்னொரு கோணம் வேண்டும் அல்லது பழைய படம் வேண்டும்’ என்பதைத் தவிர அதில் வேறு அர்த்தம் இல்லை.

எழுத்து வேறு விஷயம். மார்பகத்தில் பால் சுரப்பிகள், அவற்றைத் தாங்கும் நார்த் திசு, கொழுப்பு மூன்றும் கலந்திருக்கும். எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை எவ்வளவு, கறுப்பு எவ்வளவு என்று பார்த்து ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவாகச் சொல்கிறோம். ஏ கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. பி-யில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். சி-யில் வெள்ளை பரவலாக இருக்கும். டி-யில் ஏறக்குறைய எல்லாமே வெள்ளை. அமெரிக்கக் கணக்குப்படி 100 பெண்களில் ஏ சுமார் 10 பேர், பி 40, சி 40, டி 10. சி, டி இரண்டையும்தான் ‘அடர்த்தி அதிகம்’ என்கிறோம். அதாவது மேமோகிராம் எடுக்கும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் உங்கள் கட்சி! இதை நோய் என்று சொல்ல வழியே இல்லை. நாற்பதுகளில் இது இன்னும் சகஜம். மாதவிடாய் நின்ற பிறகு சுரப்பித் திசு சுருங்கி, அந்த இடத்தில் கொழுப்பு சேர, பலருக்கு அடர்த்தி தானாகவே குறையும்.

கையால் தொட்டுப் பார்த்து அடர்த்தியைக் கண்டுபிடிக்க முடியாது. மார்பகம் கெட்டியாக இருக்கிறதா, மென்மையாக இருக்கிறதா, பெரிதா, சிறிதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. படத்தில் மட்டுமே தெரியும் சங்கதி இது. அதையும் பெரும்பாலும் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். பி-க்கும் சி-க்கும் நடுவில் இருக்கும் படத்தை ஒருவர் பி என்பார், இன்னொருவர் சி என்பார். அடுத்த முறை உங்களுக்கு பி என்று வந்தால் ஏதோ குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டி என்று வந்தாலும் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

உங்களைப் பயமுறுத்திய அந்த ஒரு வரி எச்சரிக்கை உங்களுக்காகத் தனியாக எழுதப்பட்டதல்ல. அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல், மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய அடர்த்தி பற்றி எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. சொல்வது நல்லதுதான். ஆனால் ஒற்றை வரியில் சொல்லிவிட்டு விளக்கம் இல்லாமல் அனுப்பினால், படிப்பவருக்கு உங்களைப் போலத் தூக்கம் போகத்தான் செய்யும்.

சரி, அடர்த்தியால் பிரச்சினையே இல்லையா? இரண்டு இருக்கின்றன.

முதலாவது, மறைப்பு. புற்றுக்கட்டியும் படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். பஞ்சுக் குவியலில் விழுந்த முத்தைத் தேடுகிற கதைதான். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் பத்துப் புற்றுகளில் எட்டு, ஒன்பதைக் காட்டிக்கொடுக்கும் மேமோகிராம், மிக அடர்த்தியான டி பிரிவில் ஆறு, ஏழைத்தான் காட்டும். சி இதற்கு இடையில் இருக்கிறது. ரிப்போர்ட் நன்றாக இருந்தும், அடுத்த பரிசோதனைக்கு முன்பே கட்டி தலைகாட்டுவது அடர்த்தி அதிகமுள்ளவர்களிடம் கூடுதலாக நடக்க இதுதான் காரணம்.

இரண்டாவது, அடர்த்தியே புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. இங்கேதான் நீங்கள் கேள்விப்படும் எண்களில் கவனம் வேண்டும். ‘நான்கு மடங்கு ஆபத்து’ என்று படித்திருப்பீர்கள். அது பொய்யில்லை. ஆனால் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்? மிக அதிக அடர்த்தி உள்ளவர்களை, அடர்த்தி அறவே இல்லாதவர்களோடு. இரு முனைகளிலும் நிற்பவர்கள் சொற்பம். சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் டி பிரிவுக்கு ஆபத்து சுமார் 2 மடங்கு; உங்கள் சி பிரிவுக்கு சுமார் 1.2 மடங்குதான். பத்துப் பேருக்கு வரும் இடத்தில் பன்னிரண்டு பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனத்தில் வைக்க வேண்டிய அளவுதான், தூக்கத்தைத் தொலைக்கிற அளவு இல்லை. அடர்த்தி அதிகமுள்ளவர்களுக்கு வந்தால் அந்த நோயால் இறக்கும் வாய்ப்பும் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். நோய் வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

உங்கள் நாத்தனாரின் யோசனையை ஏற்காதீர்கள். மிக ஆரம்பக்கட்டப் புற்று பல நேரம் கட்டியாக வராது. பொடிப்பொடியான கால்சியம் புள்ளிகளாகத்தான் முதலில் தெரியும். அடர்த்தியான மார்பகத்திலும் அந்தப் புள்ளிகளை மேமோகிராம் காட்டும். அல்ட்ராசவுண்ட் அவற்றைப் பெரும்பாலும் தவறவிடும். அதனால் அல்ட்ராசவுண்ட் மேமோகிராமோடு சேர்த்து எடுப்பதற்கு உரியது. அதற்குப் பதிலாக எடுப்பதற்கு இல்லை.

சேர்த்து எடுத்தால் பலன் உண்டா என்றால், உண்டு. அதற்கு விலையும் உண்டு. மேமோகிராமில் தப்பிய புற்றுகளில், அடர்த்தி அதிகமுள்ள 1000 பெண்களுக்கு இரண்டு முதல் நான்கு வரை அல்ட்ராசவுண்ட் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது. அதற்காக, ஒன்றுமில்லாத பலரும் மறுபடி ஸ்கேனுக்கும் ஊசி பயாப்ஸிக்கும் போக வேண்டிவருகிறது. ஜப்பானில் நாற்பதுகளில் இருந்த பெண்களிடம் செய்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், மேமோகிராம் மட்டும் எடுத்தபோது 77 சதவீதப் புற்றுகள் அகப்பட்டன. அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது 91 சதவீதம் அகப்பட்டன.

எம்.ஆர்.ஐ. இன்னும் கூர்மையானது. நெதர்லாந்தில் 50 முதல் 75 வயது வரை, மேமோகிராம் சாதாரணமாக இருந்து டி பிரிவில் இருந்த பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்ட பிரிவில், இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே தலைகாட்டிய புற்று 1000 பேருக்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. பாதிக்குப் பாதி. அதேசமயம் எம்.ஆர்.ஐ. எடுத்த 1000 பேரில் கிட்டத்தட்ட 80 பேர், புற்று இல்லாமலே மேற்கொண்டு சோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். இதைப் பார்த்து ஐரோப்பிய மார்பக ரேடியாலஜி சங்கம், மிக அதிக அடர்த்தி உள்ள 50 முதல் 70 வயதுப் பெண்களுக்கு 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவோ, மேமோகிராம் சாதாரணமாக இருக்கும் அடர்த்தியான மார்பகத்துக்குக் கூடுதல் சோதனை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2024இல் அறிவித்தது. கண்டுபிடிப்பது கூடுகிறது, சரி. அதனால் உயிரிழப்பு குறைகிறதா என்ற கேள்விதான் அவர்களை நிறுத்துகிறது.

உங்கள் சக ஊழியர் சொல்வதில் இதைக் கவனியுங்கள்: அந்த நெதர்லாந்து ஆய்வு டி பிரிவைப் பற்றியது, நீங்கள் சி. அப்புறம் எம்.ஆர்.ஐ.க்கு நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். குறுகிய குழாய்க்குள் குப்புறப் படுத்திருக்க வேண்டும். அது எல்லோராலும் முடிவதில்லை.

என்னைக் கேட்டால், எழுத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் உங்கள் மொத்த ஆபத்தையும் கணக்கிடச் சொல்வேன். அம்மா, அக்கா, தங்கை, மகள் இவர்களில் யாருக்காவது வந்ததா, எந்த வயதில். குடும்பத்தில் சினைப்பைப் புற்று உண்டா. மார்பக, சினைப்பைப் புற்று ஆபத்தை மிகவும் கூட்டும் பிராக்கா மரபணுக் கோளாறு இருக்கிறதா. முன்பு பயாப்ஸியில் அசாதாரண செல்கள் தெரிந்தனவா. இளவயதில் மார்புக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தார்களா? இவற்றில் பலமான ஒன்று இருந்தால் அடர்த்தி ஏ-வாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசியாக வேண்டும். உங்கள் விஷயத்தில் சித்தி மட்டும், அதுவும் 63 வயதில். அது ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். வேறெதுவும் இல்லையென்றால், மேமோகிராமைத் தவறாமல் தொடர்வதே முதல் வேலை. 3டி மேமோகிராம் எனப்படும் டோமோசிந்தசிஸ் எடுக்கும் வசதி இருந்தால் அதைக் கேளுங்கள். அது மார்பகத்தை மெல்லிய அடுக்குகளாகக் காட்டுவதால், ஒன்றின்மேல் ஒன்று படிந்து மறைப்பது குறையும். ஆனால் டி பிரிவில் அதன் கூடுதல் பலன் அவ்வளவாக இல்லை. இதெல்லாம் செய்தும் மனம் ஆறவில்லையென்றால் அல்ட்ராசவுண்ட் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. தேவையற்ற ஒரு பயாப்ஸிக்குப் போக நேரலாம் என்று தெரிந்தே சேருங்கள்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதில் மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை. மேலே சொன்ன அமெரிக்கப் பணிக்குழு 40 முதல் 74 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 45 முதல் 54 வரை ஆண்டுதோறும் என்கிறது. பிரிட்டனில் 50 வயதில் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் அழைக்கிறார்கள். 46 வயதில் சி பிரிவில் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்பதே என் சாய்வு. இரண்டாண்டுக்கு ஒருமுறை போதும் என்று உங்கள் மருத்துவர் சொன்னாலும் அது தப்பான ஆலோசனை ஆகாது.

கதிர்வீச்சுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு மேமோகிராமில் சேர்வது சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம் எல்லோருக்கும் இரண்டு மாதத்தில் சேரும் அளவு அது. இந்த வயதில் கிடைக்கும் பலன் அதைவிடப் பல மடங்கு பெரியது.

அடர்த்தியைக் குறைக்கவென்று மருந்து சாப்பிடத் தேவையில்லை. டாமோக்சிஃபென் குறைக்கும், ஆனால் அது புற்றுநோய்க்கும், ஆபத்து மிக அதிகமானவர்களுக்குத் தடுப்பாகவும் தரும் மருந்து, பக்கவிளைவுகளும் உண்டு. எடை கூடினால் படத்தில் அடர்த்தி குறையும். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு எடை கூடுவது புற்று ஆபத்தையே கூட்டும், எனவே அந்த வழி வேண்டாம்! பிற்காலத்தில் மாதவிடாய் நிற்கும் தொந்தரவுகளுக்காக ஹார்மோன் மாத்திரை தரப்பட்டால், அப்போது இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை அடர்த்தியையும் ஆபத்தையும் உயர்த்தும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் 1 என்று இருப்பது இன்றைய நிலவரம். நாளைக்கே புதிதாக ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டால், தோல் குழிந்தால் அல்லது ஆரஞ்சுத் தோல் போல ஆனால், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால், ‘போன மாதம்தானே நார்மல் என்றார்கள்’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அடர்த்தி அதிகமுள்ளவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அப்போது எடுப்பது வழக்கமான பரிசோதனை இல்லை. அறிகுறியைச் சொல்லி, அந்த இடத்தைக் குறிவைத்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறைக்குச் சில சின்ன விஷயங்கள். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போங்கள். அழுத்தும்போது வலி குறைவாக இருக்கும். அழுத்துவது சில விநாடிதான். திசு பரவி, மறைந்தது தெரிவதற்கும் கதிர் அளவு குறைவதற்கும் அது தேவை. அன்று அக்குளில் டியோடரண்ட், பவுடர் வேண்டாம். படத்தில் அவை கால்சியம் புள்ளி போலத் தெரிந்து வீண் குழப்பம் தரும். இந்த முதல் படத்தின் சிடியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அடர்த்தியான மார்பகத்தில் புதிதாக எது வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழைய படத்தைப் போல உதவுவது வேறில்லை.

மகளுக்கு இப்போது எதுவும் வேண்டாம். அடர்த்தி ஓரளவு பரம்பரையாக வருவது உண்மைதான்; ஆனாலும் 21 வயதில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே மார்பகம் அடர்த்தியாகத்தான் இருக்கும், அந்த வயதில் மேமோகிராம் எடுத்துப் பெரிதாக எதுவும் தெரியப்போவதில்லை. உங்களுக்கு சி என்று வந்ததற்காக அவருக்குப் பரிசோதனையை முன்கூட்டித் தொடங்கவும் தேவையில்லை. அவராகவே ஏதாவது கட்டியைக் கண்டால் அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள். அந்த வயதில் அது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கில்லாத கட்டியாக இருக்கும். இருந்தாலும் காட்டிவிட வேண்டும்.