வீடியோ பிராசசரில் டெக், டிவிடி, டிஷ் பெட்டி மூன்றுக்கும் இன்புட் செட்டிங் எப்படி வைப்பது?

கனடாவில் இருந்து வந்த பழைய வீடியோ பிராசசரை, அதாவது வெவ்வேறு பெட்டிகளில் இருந்து வரும் படத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கருவியை, முள்ளியவளை வீட்டில் புரொஜெக்டரோடு கொழுவியிருக்கிறீர்கள். டிவிடியில் இருக்கிற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வீடியோவில் இரவு வெளிறிக் கிடக்கிறது, ஆட்கள் அசைந்தால் ஓரம் கிழிகிறது, எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிளிநொச்சியில் பழைய கசற்றுகளை டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுக்கிற வேலை செய்கிறேன். இந்தச் சாமானோடுதான் பகல் முழுக்க மல்லுக்கட்டு.

பெரும்பாலான பிராசசர்களில் செட்டிங் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாகத்தான் சேமிக்கப்படும். டெக்குக்கு (வீடியோ கசற் ஓட்டும் கருவி) மாற்றியது டிவிடிக்குப் போய்ச் சேராது. அதனால் குறிப்பிட்ட இன்புட்டைத் தெரிவுசெய்து, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறவுங்கள். உள்ளே வரும் சிக்னல் என்னவென்று காட்டும் பக்கம் ஒன்று இருக்கும், அதை முதலில் வாசியுங்கள். 576i, 50 என்று இருந்தால் பால் (PAL) என்ற முறை, நம்ம ஊரில் எடுத்தது. 480i, 60 என்றால் வட அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறை, ரொறொன்ரோ சொந்தக்காரர் அனுப்பிய கலியாண வீடியோ அப்படித்தான் வரும். நம்ம பக்கத்து டெக்குகள் பல, என்டிஎஸ்சி கசற்றைப் போட்டால் பால் 60 என்ற கலப்புச் சிக்னலை வெளியே விடும். அதில் சில பிராசசர்களின் ஓட்டோ, அதாவது முறையைத் தானாகக் கண்டுபிடிக்கும் செட்டிங், தடுமாறும். நிறம் போய்க் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டோவை விட்டு, கலர் முறையைக் கையால் தெரிவுசெய்து பாருங்கள்.

இனி அந்த வெளிறிய இரவு. டிவிடி பிளேயரும் டிஷ் பெட்டியும் எச்டிஎம்ஐயில் வழக்கமாகக் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் அனுப்பும். கொம்பியூட்டர் பெரும்பாலும் 0 முதல் 255 வரை அனுப்பும். பிராசசர் 0 தொடக்கம் எதிர்பார்த்து இருக்க 16 வந்து சேர்ந்தால், கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். உங்கள் டிவிடியில் நடப்பது இதுவாகத்தான் இருக்கும். ரேஞ்சை, அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரையான இந்த எண் எல்லையை, வீடியோ அல்லது லிமிட்டெட் என்று மாற்றுங்கள். மறுபக்கம் பிசகினால் இருட்டு முழுவதும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும், வெளிச்சமும் கரைந்துபோகும். சோதிக்க உங்கள் பொங்கல் வீடியோவே போதும். விளக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் தலைமுடி வானத்தில் இருந்து பிரிந்து தெரிய வேண்டும். அதே காட்சியில் வெள்ளை வேட்டியின் மடிப்பும் தெரிய வேண்டும். இரண்டும் சரியென்றால் ரேஞ்ச் சரி. புரொஜெக்டரிலும் இதே செட்டிங் இருக்கிறது, அது பிராசசரின் அவுட்புட்டோடு பொருந்த வேண்டும். பிரைட்னசைக் கூட்டிக் குறைத்து இதை மறைக்கப் பார்க்காதீர்கள், ஒன்று சரிவர இன்னொன்று கெடும். டெக் வருவது மஞ்சள் வயரில் என்றபடியால் அதற்கு இந்த ரேஞ்ச் கதை இல்லை. அங்கே பிளாக் லெவல் என்ற கறுப்பின் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

ஓரம் சீப்புப் பல் போலக் கிழிவது டீ-இன்டர்லேசிங் விஷயம், அதாவது பாதி பாதியாக வரும் படத்தை முழுப்படமாக்கும் வேலை. சினிமாப் படத்தில் ஒரே பிரேம் இரண்டு பாதியாகப் பிரிந்து வருகிறது, திரும்ப ஒட்டினால் முழுசாகும். கோயிலிலும் கலியாண வீட்டிலும் பழைய கமராவில் எடுத்ததில் செக்கனுக்கு 50 பாதிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு கணம். அவற்றை ஒட்டினால் காவடி ஆடுபவரின் கை இரண்டு இடத்தில் நிற்கும். ஆகவே அப்படி எடுத்ததைப் போடும்போது, பாதிகளை ஒட்டுகிற பிலிம் மோட் வேண்டாம், வீடியோ மோட். சினிமா டிவிடிக்கு ஓட்டோ காணும்.

அவுட்புட்டையும் 50 வருவதற்கு 50, 60 வருவதற்கு 60 என்று வையுங்கள். 50ஐ 60 ஆக்கினால் கமரா பக்கவாட்டில் திரும்பும்போதெல்லாம் படம் தத்தும்.

டெக் இன்புட்டில் மட்டும் ஓவர்ஸ்கானை, அதாவது படத்தின் ஓரத்தை வெட்டும் அளவை, கொஞ்சம் கூட்டுங்கள். அடியில் நெளிகிற கோடுகள் டெக்கில் கசற்றை வாசிக்கும் ஹெட் மாறும் இடத்தில் வருபவை, எந்த செட்டிங்காலும் போகாது, வெட்டத்தான் வேண்டும். ஷார்ப்னஸ் பூச்சியத்திலோ அதற்குக் கிட்டவோ இருக்கட்டும். கசற்றில் அதைக் கூட்டினால் கூடுவது புள்ளிகள்தான். இடைக்கிடை திரை நீலமாகிப்போனால் கசற்றின் சிக்னல் ஆடுகிறது. டெக்குக்கும் பிராசசருக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கோடர் ஒன்றைக் கொழுவினால் பெரும்பாலும் நிற்கும்.

கடைசியில் சத்தம். பிராசசர் படத்தைக் கணக்குப்போட எடுக்கும் நேரத்தில் சத்தம் முந்திவிடும். பால் பிரேம் ஒன்றுக்கே 40 மில்லிசெக்கன். தவில்காரரின் கை தோலில் விழும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, அம்ப்ளிபயரில் ஓடியோ டிலேயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டெக்குக்கு வைத்த அளவு டிஷ் பெட்டிக்குப் பொருந்தாது, அதைத் தனியாகப் பாருங்கள்.